ஏழாவது பிரச்சினை

15ஆவது பொதுத்தேர்தலுக்கு ஒரு வாரம் இருந்தது. 2022 நவம்பர். பினாங்கின் பெருநிலப் பகுதியில் ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி), அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை. எந்தத் தொகுதி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது.

இரவு எட்டரை இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வேட்பாளர் மேசை மேசையாக வந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மேசையில் நான், பெரியப்பா, அப்புறம் என் கூட்டாளி. பாதி சாப்பிட்ட மீ கோரேங்கை விட்டுவிட்டு எழுந்து நின்றோம். பெரியப்பா நாற்பது வருடமாக வேறு கட்சி. ஆனாலும் வேட்பாளரின் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார். தேர்தல் நேரத்தில் எங்கள் ஊர் மரியாதை அப்படி.

"ஏதாவது சொல்லணுமா, சொல்லுங்க" என்றார் என்னைப் பார்த்து. இந்தக் கேள்விக்கு வழக்கமாக யாரும் பதில் சொல்வதில்லை, சிரித்து அனுப்பிவிடுவார்கள். ஓரினச்சேர்க்கைக்கு எதிராகப் பயன்படும் குற்றவியல் சட்டப் பிரிவைப் பற்றி நான் கேட்டுவிட்டேன். "அண்ணே, 377 பத்தி உங்க நிலைப்பாடு என்ன?"

பஸ் நம்பர் என்று நினைத்துவிட்டார் போல. பக்கத்தில் நின்ற உதவியாளப் பையன் காதில் ஏதோ சொன்னதும் முகம் தெளிந்தது. "ஓ, அதுவா. அது சமய விஷயம்மா. முஸ்லிம்களோடது. மாநிலத்துல சமய இலாகா இருக்கு, அவங்க பாத்துக்குவாங்க. நாம அதுல தலையிட முடியாது." மறுபடி ஒரு கும்பிடு. அடுத்த மேசை.

ஒன்பது மாதம் கழித்து, 2023 ஆகஸ்டில், மாநிலத் தேர்தல். இந்தத் தடவை வேறு கட்சி, வேறு வேட்பாளர், என் அம்மா வீட்டு வாசல். அதே கேள்வியைக் கேட்டேன். இவர் விவரமானவர், யாரும் காதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தங்கச்சி, அது குற்றவியல் சட்டம். கூட்டரசு விஷயம். நாடாளுமன்றத்துலதான் பேசணும். நான் சட்டமன்றத்துக்குத்தானே நிக்கிறேன்? லோங்காங் அடைச்சிருந்தா சொல்லுங்க, நாளைக்கே ஆள் அனுப்புறேன்."

லோங்காங், அதாவது சாக்கடை, உண்மையிலேயே அடைத்துத்தான் இருந்தது. மறுநாள் காலை ஆள் வந்தது.

நாடாளுமன்றத்துக்கு நின்றவர் மாநிலத்தைக் கைகாட்டினார். மாநிலத்துக்கு நின்றவர் நாடாளுமன்றத்தைக் கைகாட்டினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் விவகாரம் பினாங்குப் பாலத்தின் நடுவில் எங்கேயோ நிற்கிறது.

சட்டப்படி பார்த்தால் லோங்காங்காரர் சொன்னதுதான் சரி. குற்றவியல் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் வாய்வழி, ஆசனவாய்வழி உறவை 'இயற்கைக்கு மாறான' உடலுறவு என்று வரையறுத்து, 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் வைத்திருக்கின்றன. இரண்டு பேரும் மனமொப்பிச் செய்திருந்தாலும் குற்றம்தான். இது எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். ஆணும் ஆணும் என்றுகூட அதில் இல்லை. எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் கல்யாணமான புருஷன் பெண்டாட்டிக்கும் பொருந்தும். (இதை எந்த வேட்பாளரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை. ஒருநாள் சொல்லி முகத்தைப் பார்க்க ஆசை.) இரண்டு பெண்கள் என்றால் 377டி இருக்கிறது, இரண்டு ஆண்டு வரை. மாநிலச் ஷரியா சட்டங்கள் முஸ்லிம்களுக்கு மட்டும்தான். நான் இந்து, என் கூட்டாளி கத்தோலிக்கர். ஆக, 'அது முஸ்லிம் விஷயம்' என்று முதல் வேட்பாளர் தள்ளிவிட்ட விஷயத்தில் எங்களைப் பிடிக்கக்கூடிய ஒரே சட்டம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. அவர் போய் உட்காரக் கேட்ட இடம் அது.

2021 பிப்ரவரி 25 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். சிலாங்கூர் மாநிலச் ஷரியா சட்டத்தின் ஒரு பிரிவு 'இயற்கைக்கு மாறான' உறவைத் தண்டித்தது. அது ஏற்கெனவே கூட்டரசுச் சட்டத்தில் இருக்கும் குற்றம், அதற்கு மாநிலம் தனியாகச் சட்டம் போட முடியாது என்று அந்தப் பிரிவைச் செல்லாததாக்கினார்கள். எங்களுக்குச் சாதகமான தீர்ப்பு என்று சிலர் கொண்டாடினார்கள். எனக்கு அவ்வளவு குஷி வரவில்லை. மாநிலம் தண்டிக்கக் கூடாது என்பதற்குச் சொன்ன காரணமே, தண்டிக்க நாடாளுமன்றம் இருக்கிறது என்பதுதானே?

சரி, இந்தச் சட்டமாவது இங்கே விளைந்ததா என்றால் இல்லை. 1860இல் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தை, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் கொண்டுவந்தான். சஞ்சிக்கூலியாக எங்கள் முப்பாட்டனை ஏற்றிவந்த அதே காலம், அதே கடல். எண்ணைக்கூட மாற்றவில்லை. இதைக் கீழைநாட்டுப் பண்பாட்டின் அரண் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்த மேடைகளின் முன்வரிசையில் நான் உட்காருவதில்லை என்பதால் யாருக்கும் தெரியாது.

இந்த விவகாரத்துக்கு ஒரு பெயர் உண்டு என்று எனக்குத் தெரிந்தது 1998இல். படிவம் மூன்று படித்துக்கொண்டிருந்தேன். அந்த செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவியிலிருந்து தூக்கப்பட்டார், பிறகு கைதானார். தமிழ்ப் பத்திரிகையில் தினமும் 'ஓரினப்புணர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் வரும். அப்பா படித்து முடித்ததும் அந்தப் பக்கம் உள்ளே போகிறமாதிரி மடித்து, டிவிக்கு மேலே வைப்பார். அவர் வேலைக்குப் போனதும் நான் எடுத்து விரிப்பேன். டிசம்பரில் ஒரு மெத்தையை நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாட்சிப் பொருள். நாலு பேர் மெத்தையைச் சுமந்து போவதைச் செய்தியில் பார்த்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். நான் என்னவாக இருக்கிறேனோ அதற்கு இந்த நாட்டில் அப்போது இருந்த ஒரே படம் அந்த மெத்தைதான்.

இப்போது யோசித்தால் ஒன்று தெளிவாகிறது. மலேசிய அரசியலில் எங்களைப் பற்றிய நிலைப்பாடு என்று ஒன்று உருவாவதற்கு முன்பே, நாங்கள் ஒரு குற்றச்சாட்டாக உருவாகிவிட்டோம். எதிராளி மேல் எறியக் குனிந்து எடுக்கிற கல். அதற்கப்புறம் யாராவது கல்லிடம் போய் உன் கோரிக்கை என்ன என்று கேட்பார்களா?

2008இல் கல் மறுபடி பறந்தது. இரண்டாவது வழக்கு. ஆகஸ்ட் 7 அன்று அன்வார் மீது குற்றம் சாட்டினார்கள். 26ஆம் தேதி பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல். எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடம். அந்த இரண்டு வாரமும் ஊரே செராமா, அரசியல் பொதுக்கூட்டம். மழையிலும் நின்று கேட்டார்கள், மலாய்க்காரர், சீனர், நம்மவர்கள் எல்லோரும். 15,671 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்றிரவு அப்பா பட்டாசு கொளுத்தினார், தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்தது. நானும் குதித்தேன். அந்தக் குற்றச்சாட்டைச் சனங்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

மறுநாள் மாமாக் கடையில் காலைத் தேநீர்க் கூட்டத்தைக் கேட்டபோதுதான் விளங்கியது. "அவரு அப்படிப்பட்ட ஆளா? சேச்சே" என்றுதான் ஒவ்வொரு மேசையிலும். யாரும் குற்றச்சாட்டைத் தூக்கிப் போடவில்லை. அதை நம்பவில்லை, அவ்வளவுதான். 'அப்படியே இருந்தாலும் என்ன' என்று ஒருவராவது சொல்வார் என்று தேநீர் ஆறும்வரை காத்திருந்தேன்.

அந்த வழக்குகள் அவர்மேல் அரசியல் காரணங்களுக்காகப் போடப்பட்டவை என்றுதான் நான் இன்றுவரை நினைக்கிறேன். பத்து வருடத்துக்கும் மேல் அவர் பட்ட பாடு கொஞ்சமா? முதல் தண்டனை 2004இல் ரத்தாகி, இரண்டாவதில் விடுதலையாகி, மறுபடி மாட்டி, 2015இல் ஐந்தாண்டுச் சிறை உறுதியாகி, 2018 மே மாதம் அரச மன்னிப்பில் வெளியே வந்தார். இந்தச் சட்டம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று நாட்டில் வேறு யாரையும்விட அவருக்கு அதிகமாகத் தெரியும். 2012இல் பிபிசிக்குக் கொடுத்த பேட்டியில் இந்தப் பழைய சட்டங்களைத் திருத்த வேண்டியிருக்கலாம் என்ற தொனியில் பேசினார். உடனே ஒரு மலாய்ப் பத்திரிகை அவர் ஓரினச்சேர்க்கையை ஆதரிக்கிறார் என்று எழுதியது. அவர் அவதூறு வழக்குப் போட்டார். 2013 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கம் நிற்கிறார் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவர் மானம் போகிறது. நீதிமன்றமும் ஆமாம் போகிறது என்கிறது. வேட்பாளர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

2018 வேறுமாதிரி இருக்கும் என்று நம்பினேன். மே 9, புதன்கிழமை. நான் பாக்காவாக வேலை செய்தேன்; ஓட்டுச்சாவடியிலும் எண்ணும் இடத்திலும் உட்காரும் கட்சி முகவர். ஒரு தமிழ்ப்பள்ளியின் மூன்றாம் வகுப்பு அறை, குட்டி நாற்காலி, சுவரில் உயிரெழுத்து அட்டவணை. எங்கள் சாலுரான் (வயதுவாரியாகப் பிரித்த ஓட்டு அறை) இளைஞர்களுடையது, கடைசி எண். மாலை ஐந்துக்கு மேல் ஒவ்வொரு சீட்டாக விரித்துக் காட்டக் காட்ட முழங்கால் நடுங்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு என் கூட்டாளி கோலாலம்பூரிலிருந்து போன் பண்ணி அழுதாள். அறுபது வருட ஆட்சி போய்விட்டது. ஜெயித்த பக்காத்தான் கூட்டணியின் தேர்தல் அறிக்கையில் எங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இல்லாவிட்டால் என்ன, நல்லவர்கள்தானே என்று இருந்துவிட்டோம்.

ஜூலையில் இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சரின் இடைக்காலப் பத்திரிகை அதிகாரி, அவர் எல்ஜிபிடி ஆர்வலர் என்று கிளம்பிய எதிர்ப்பால் வேலையை விட்டார். ஆகஸ்டில் எங்கள் ஜார்ஜ்டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து இரண்டு பேரின் படங்களை எடுத்துவிடச் சொன்னார் சமய விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் முஜாஹிட் யூசோப். எல்ஜிபிடி ஆர்வலர்களான நிஷா ஆயுப், பாங் கீ தெய்க். தேசியக் கொடியோடு எடுத்த படங்கள். நான் சனிக்கிழமை ஃபெரி ஏறிப் போனபோது படங்கள் இல்லை. மற்றவர்களின் படங்கள் எல்லாம் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்து செண்டோல் குடித்தேன். வேறு என்ன செய்வது?

அமைச்சரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், சில நாளில் அவரே நிஷாவைக் கூப்பிட்டுப் பேசினார். வேலையிடத்தில் பாகுபாடு கூடாது என்றும் சொன்னார். அடிக்காதே, ஆனால் சுவரில் மாட்டாதே. இந்த நாட்டில் மிதவாத அரசியல்வாதியின் நிலைப்பாடு இதுதான், இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதே மாதம் கோலாலம்பூரில் ஓர் இரவு விடுதியில் சோதனை, 20 ஆண்கள் பிடிபட்டார்கள். செப்டம்பர் 3 அன்று திரெங்கானுவில் இரண்டு பெண்களுக்கு, ஒரு காருக்குள் ஒன்றாக இருந்ததற்காக, ஷரியா நீதிமன்றத்தில் ஆறு பிரம்படி. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 6, இந்திய உச்ச நீதிமன்றம் 377ஐ வயது வந்தவர்களின் மனமொப்பிய உறவுக்குப் பொருந்தாது என்று ஆக்கியது. அன்று மாலை அம்மா வீட்டில் சென்னைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மெரினாவிலும் எங்கேயும் வானவில் கொடி. அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே பார்த்தார். "நம்ம ஊர்ல அடிக்கிறாங்க, அங்க விட்டுட்டாங்க" என்றார். அதற்குமேல் எதுவும் இல்லை. ஆனால் சேனலை மாற்றவில்லை. பிரதமர் மகாதீர் அந்தப் பிரம்படியைக் குறை சொன்னார். அதே மாதம் எல்ஜிபிடி உரிமை, ஒருபாலினத் திருமணம் எல்லாம் நமக்கு ஒத்துவராது என்றும் சொன்னார்.

அந்த வாரத்தில் ஒருவர் மட்டும் நேராகப் பேசினார். கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் சந்தியாகு. ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கும் சட்டங்கள் அனைத்தையும் நீக்க வேண்டும் என்றார். ஆளும் கூட்டணியில் உட்கார்ந்துகொண்டு, சுற்றி வளைக்காமல். தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை. 2022 தேர்தலில் அவருக்குக் கட்சி இடம் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை, கட்சிக் கணக்குகள் ஆயிரம். ஆனால் இதைப் பேசினார் என்பதற்காக அவருக்கு இன்னொரு தவணை கேட்டு யாரும் கொடி பிடிக்கவில்லை என்பதும் உண்மை. நானும் பிடிக்கவில்லை.

அதற்கு முன்னால் 2011இல் அம்பிகா ஸ்ரீநிவாசன். கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட் பக்கம் 2008 முதல் நடந்துவந்த 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' என்ற பாலியல் உரிமை விழாவைத் திறந்துவைக்க ஒப்புக்கொண்டிருந்தார். நேர்மையான தேர்தல் கேட்கும் பெர்சே இயக்கத்தின் தலைவர், அந்த ஜூலையில்தான் ஆயிரக்கணக்கானவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர். போலீஸ் விழாவையே தடை செய்தது. அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் எங்கேயும் போட்டியிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டுக் கேட்காதவர்களுக்கு நிலைப்பாடு இருக்கிறது.

பெரியப்பாவிடம் வருகிறேன். அந்த 2022 இரவில் வேட்பாளர் போனதும் அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. தேத்தாரெக்கைக் குடித்து முடித்தார். பிறகு விரலை மடக்கத் தொடங்கினார். "தமிழ்ப்பள்ளி. குடியுரிமை இல்லாம சிவப்பு ஐசி. கோயில் நிலம். தோட்டத்துலேர்ந்து விரட்டுன ஆளுங்களுக்கு வீடு. பையனுங்களுக்கு வேலை. லாக்கப்புல சாவு. ஆறு பிரச்சினை இருக்கும்மா நமக்கு. நூத்துக்கு ஏழு பேருகூட இல்லாத சனம். ஆறையே எவனும் தீர்க்கலை. நீ ஏழாவதைத் தூக்கிக்கிட்டு வராதே."

அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அந்த ஆறுக்காகவும் நாற்பது வருடம் கிளைக் கூட்டங்களில் உட்கார்ந்து, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைப் பதிவு இலாகாவுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவர். எங்கள் வீட்டுக்கு பாலிக் பூலாவ் டுரியான் வாங்கிவந்தால், 'உங்க ரெண்டு பேருக்கும்' என்று சொல்லித்தான் வைப்பார். தெரியும் அவருக்கு. சொல்லமாட்டார், அவ்வளவுதான். அவருடைய கணக்கும் முழுக்கத் தவறில்லை. சிறுபான்மையின் வேட்பாளர் தன்னுடைய கொஞ்சப் பலத்தை எதில் செலவழிப்பது என்று யோசிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த விரல்கள் தனித்தனியாக மடங்குவதில்லை. 2017 ஜூனில் இங்கே பினாங்கில் 18 வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் தாக்கப்பட்டு மருத்துவமனையில் இறந்தான். பள்ளிக்காலம் தொட்டே அவனைப் பெண்போல நடக்கிறான் என்று கேலி செய்துவந்தார்கள் என்று செய்திகளில் வந்தது. தலைவர்கள் வந்தார்கள், மாலை வைத்தார்கள், பகடிவதைக்கு எதிராகப் பேசினார்கள். நியாயமான கோபம். எந்தச் சொல்லை வைத்து அவனைப் பகடி செய்தார்கள் என்பதை எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லை நாம் எல்லோரும் வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அதை எப்படி மேடையில் பேசுவது? பெரியப்பாவிடம் அன்று இதைச் சொன்னேன். மடக்கிய விரல்களை மேசைமேல் அப்படியே வைத்திருந்தார். "அந்தப் பையன் அப்பாவை எனக்குத் தெரியும்" என்றார். கிளம்பிவிட்டோம்.

கூட்டாளி என்று எழுதிக்கொண்டே போகிறேன். தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கலாம். மலேசியத் தமிழில் கூட்டாளி என்றால் நண்பர். பள்ளிக் கூட்டாளி, வேலையிடத்துக் கூட்டாளி. அம்மா என்னோடு வசிப்பவளைப் பக்கத்து வீட்டாரிடம் அப்படித்தான் சொல்வார், நானும் அப்படித்தான். அவர் நினைக்கிற பொருள் ஒன்று, நான் நினைக்கிற பொருள் ஒன்று, சொல்லுக்கு ஆட்சேபம் இல்லை. பதினோரு வருடமாக ஒரே சொல்லை வைத்து வண்டி ஓடுகிறது.

2022, 2023 தேர்தல்களில் கல்லெறிதல் உச்சம். பக்காத்தான் வந்தால் எல்ஜிபிடி வரும், கம்யூனிசம் வரும் என்று எதிரணியின் பிரச்சாரம், டிக்டாக்கில் நிமிடத்துக்கு ஒன்று. அன்வார் பிரதமரானார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2023 ஜனவரியில், தன் ஆட்சியில் எல்ஜிபிடியோ கம்யூனிசமோ ஒருபோதும் அங்கீகரிக்கப்படாது என்று உறுதி கொடுத்தார். மெத்தையைப் பார்த்தவர். கறுத்த கண்ணோடு நீதிமன்றம் வந்தவர். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஜூலையில் செப்பாங் இசைவிழாவில் ஒரு பிரிட்டிஷ் பாடகர் மேடையில் சட்டத்தைத் திட்டிவிட்டுத் தன் குழுவில் இருந்த ஆணை முத்தமிட்டார். விழாவே ரத்து. அவர் விமானம் ஏறிவிட்டார். மூன்று வாரத்தில் ஆறு மாநிலத் தேர்தல், அந்த வீடியோ எத்தனை செராமாவில் ஓடியதோ. எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வருகிறவர்களில் இவரைமாதிரி எரிச்சலூட்டியவர் இல்லை.

ஆகஸ்ட் 10, ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், உள்துறை அமைச்சு வானவில் நிறச் சுவாட்ச் கைக்கடிகாரங்களைத் தடை செய்து அறிவித்தது. விற்றாலோ விற்க வைத்திருந்தாலோ மூன்று ஆண்டு வரை சிறை. அந்த மே மாதமே கடைகளில் புகுந்து 172 கடிகாரங்களை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். நிறுவனம் வழக்குப் போட்டது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம், எடுத்தது சட்டப்படி இல்லை, திருப்பிக் கொடுங்கள் என்றது. கடிகாரத்துக்கு வக்கீல் வைக்கப் பணமுள்ள முதலாளி இருந்தார். தடையை அறிவித்த அந்த வியாழக்கிழமை நான் அணிந்திருந்தது அப்பாவின் பழைய சீக்கோ. இருந்தும் கையைச் சட்டைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

இதற்கு நடுவில், பொதுத்தேர்தல் முடிந்து சரியாகப் பத்து நாளில், 2022 நவம்பர் 29, ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் நாடாளுமன்றம் தன் 377ஏ பிரிவை நீக்கியது. எண் ஒன்றே தவிர அது வேறு சட்டம், ஆண்களுக்கு மட்டுமானது. மசோதாவைக் கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் கா. சண்முகம். தமிழர். கூடவே திருமணத்தின் வரையறையை நீதிமன்றம் மாற்றிவிடாதபடி அரசியலமைப்பில் ஒரு பூட்டும் போட்டார்கள். பெரிய புரட்சி ஒன்றுமில்லை, கணக்குப் பார்த்துச் செய்தது. ஆனால் ஒரு தமிழ் அமைச்சர் எழுந்து நின்று அந்த எண்ணைத் தன் வாயால் சொல்லி முழு விளக்கம் கொடுத்தார், வானம் இடிந்து விழவில்லை. ஜொகூரில் இருக்கும் சித்தப்பா குடும்பக் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டு, தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மையையும் போட்டார். பெரியப்பா அதற்குப் பதில் எழுதினார், அவர் அந்தக் குழுவில் வாழைப்பூ வடைக் குறிப்பைத் தவிர வேறு எதற்கும் பதில் எழுதியவர் அல்ல. "சண்முகம் படிச்ச ஆளு. யோசிச்சுத்தான் செஞ்சிருப்பாரு." சித்தப்பா பொம்மையை அழித்துவிட்டார்.

நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று கேட்பீர்கள். 2023இல் லோங்காங்காரருக்குத்தான் போட்டேன். கல்லெறிகிறவர்கள் ஒரு பக்கம், வாய் மூடி நிற்பவர்கள் ஒரு பக்கம் என்றால், ஒவ்வொரு தேர்தலிலும் நான் வாய் மூடியவர்களுக்கே போட்டுவருகிறேன். அதில் பெருமை ஒன்றும் இல்லை. கட்சிக்காரர்களுக்கும் இது தெரியும், வேறு எங்கே போய்விடுவாள் என்று.

அந்த இரண்டு வேட்பாளர்களில் ஒருவர் ஜெயித்தார். எவர் என்று சொல்லமாட்டேன். நேரில் கேட்டால் தப்பித்துவிடுகிறார் என்று, எழுதிக் கேட்டேன். அவருடைய சேவை மைய எண்ணுக்கு வாட்ஸ்அப்பில், தமிழிலேயே, பணிவாக: ஒய்பி வணக்கம், 377 விஷயமாக உங்கள் கட்சிக்குள் ஏதாவது பேச்சு உண்டா, நீங்கள் தனிப்பட்ட முறையில் என்ன நினைக்கிறீர்கள், வெளியே சொல்லமாட்டேன். மக்கள் பிரதிநிதிக்கான மரியாதைச் சொல்லான ஒய்பி என்று போட்டேன், இப்போது அண்ணே சரிவராது. இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. லோங்காங் என்று எழுதியிருந்தால் வந்திருக்கும்.

நவம்பரில் வந்தது. பதில் அல்ல, தீபாவளி வாழ்த்து. குத்துவிளக்கு, மயில், மூலையில் கட்சிச் சின்னம், நடுவில் ஒய்பியும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஒரே நிறப் பட்டில். என் கேள்விக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்திருந்தது. போனை அவளிடம் நீட்டினேன். முறுக்கு மாவைப் பிசைந்த கையோடு எட்டிப் பார்த்து, மெதுவாக வாசித்தாள்.

"'உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும்.' நம்மளைத்தான் சொல்றாரா?"

"எல்லாருக்கும் அனுப்பறது."

"இருக்கட்டும்" என்றாள். "தேங்க்ஸ்னு போடு. போட்டுட்டு வா, எண்ணெய் காஞ்சிருச்சு."